கொண்டை ஆலாவைத் தனியாகப் பார்க்காதீர்கள்

ஆலா என்றால் ஆங்கிலத்தில் ‘டெர்ன்’ என்கிற மீன்பிடிப் பறவை. என்னிடம் வரும் ஆலாப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் ஒற்றைப் பறவை, சுற்றிலும் வெறும் வானம் அல்லது வெறும் மணல். கீழே, “அண்ணா, இது பெரிய கொண்டையா, சின்னக் கொண்டையா?” என்று ஒரு கேள்வி. பெரிய கொண்டை ஆலா, சிறிய கொண்டை ஆலா என்ற இரண்டு இனங்களில் எது என்று கேட்கிறார்கள். எடுத்தவர் நன்றாகப் பெரிதாக்கி, பக்கத்தில் நின்ற மற்ற பறவைகளையெல்லாம் வெட்டிவிட்டு, அழகாக அனுப்பியிருப்பார். அந்த வெட்டிப்போட்ட ஓரத்தில்தான் பதில் இருந்திருக்கும். “வெட்டாத படத்தை அனுப்பு தம்பி” என்று ஒவ்வொருவருக்கும் திருப்பி எழுதிக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தடாவில் ஹைவே ஓரமாக இருசக்கர வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்கிறேன். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தால் என் கடை. வருகிற வண்டியில் பாதி டி.என். நம்பர், பாதி ஏ.பி. நம்பர். சாம்பலிலும் மஞ்சளிலும் ஷேட் பிரிப்பது பிழைப்பு என்பதால் பறவை பார்க்கப் போனாலும் கண் முதலில் அங்கேதான் போகிறது. சாம்பல் நிற டேங்க்கில் ஒரு கீறலுக்கு டச்சப் அடிக்க வேண்டுமென்றால், கலந்த பெயிண்டைத் தனியாக வைத்துப் பார்த்து எந்தப் பெயிண்டரும் முடிவு செய்ய மாட்டான். டேங்க்கை ஒட்டி வைத்துப் பார்ப்பான். அதையும் டியூப்லைட்டில் பார்க்காமல் வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து பார்ப்பான். ஆலாவுக்கும் இந்த இரண்டு பழக்கமும் அப்படியே பொருந்தும்.

முதலில் நீங்கள் பார்ப்பது ஆலாதானா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரி முழுக்கப் பழுப்புத் தலைக் கடற்காக்கைகள் இருக்கும். அவை தடித்த உடம்புக்காரர்கள். தண்ணீரில் உட்கார்ந்து மிதக்கும், மீன் கழிவுக்கு அடித்துக்கொள்ளும், நீளமான காலில் நடமாடும். ஆலா மெலிந்தது. சிறகு நீண்டு கூராக இருக்கும், வால் பிளந்திருக்கும், கால் குட்டையாக இருக்கும், அலகு நேராகக் கூர்ந்திருக்கும். தண்ணீரில் மிதப்பதை அநேகமாகப் பார்க்க முடியாது. மீன் வேண்டுமென்றால் மேலிருந்து தலைகீழாக விழும், எடுக்கும், எழும். கடற்காக்கையை இதோடு மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதை அளவுகோலாகப் பயன்படுத்தப் போகிறோம்.

அடுத்தது இடம். பழவேற்காடு ஏரி ஒன்றுதான் என்றாலும் ஆலாக்களைப் பொறுத்தவரை அது இரண்டு ஊர். ஏரிக்குள், அதாவது தடா, சூலூர்ப்பேட்டை, அண்ணாமலைச்சேரி பக்கமெல்லாம் ஆழமில்லாத தண்ணீரும் சேறும். அங்கே பெரும்பாலும் மீசை ஆலா, பருத்த அலகு ஆலா, காஸ்பியன் ஆலா. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ரோட்டில் ஏரி இரண்டு பக்கமும் விரிந்துகிடக்கும். பூநாரை பார்க்க வரும் கூட்டம் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் தலைக்கு மேலேயே மீசை ஆலாக்கள் பறந்துகொண்டிருக்கும், ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கொண்டை ஆலாவோ கடல் பறவை. ஏரிக்குள் அதைத் தேடி அலைவது வீண். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். ஆகவே தடா கரையில் நின்று மஞ்சள் அலகோடு ஒரு பெரிய ஆலாவைப் பார்த்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால், ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். அது வேறொன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முகத்துவாரத்துக்கு நான் போவது பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம். அங்கே வண்டியை விட்டுவிட்டு மணலில் நடை. 2011 டிசம்பரில் நடந்த படகு விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். மீன் பிடிக்கப் போகிறவர்களைக் கெஞ்சி அவர்கள் படகில் ஏறாதீர்கள், அவர்களுக்குத்தான் சிக்கல். படகு தேவையும் இல்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் மணல் திட்டு வெளியே வரும், ஆலாக்கள் கூட்டமாக அதில் இறங்கி இளைப்பாறும். நம்ப முடியாத அளவுக்கு எளிதாகப் பார்க்கலாம். எந்நேரம் வற்றும் என்று வலை உலர்த்திக்கொண்டிருக்கும் யாரிடமாவது கேளுங்கள். போனில் பார்க்கும் அட்டவணையைவிட அவர்கள் சொல்வது அந்த இடத்துக்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் முகத்துவாரம் மண் மூடினால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். இன்னொன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விடும் நாளாக இருந்தால் கடல் பக்கம் கெடுபிடி இருக்கும். முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

இப்போது வெளிச்சம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நம் கடற்கரை கிழக்கே பார்த்தது. காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணில் அடிக்கும், பறவை எல்லாம் கறுப்பு உருவமாகத் தெரியும். அலகு மஞ்சளா சிவப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. காலையில் கடல் பக்கமாகச் சுற்றிப் போய், சூரியனை முதுகில் வைத்து, ஏரியைப் பார்த்து நில்லுங்கள். சாயங்காலம் அதற்கு நேர்மாறு. சூரியன் உதித்த முதல் அரைமணி நேரத்திலும் மறையும் முன் அரைமணி நேரத்திலும் அலகின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எலுமிச்சை மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு சிவப்பாகும், வெளிர் சாம்பலில் ஒரு தங்கப் பூச்சு ஏறும். படம் நன்றாக வரும் நேரம் அது, பறவையை அடையாளம் காணும் நேரம் இல்லை. ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை உத்தமம். அதற்கு மேல் மணல் சூடேறிக் கானல் ஆட ஆரம்பித்துவிடும், டெலஸ்கோப் வைத்தாலும் பறவை நெளியும்.

காற்றையும் கவனியுங்கள். ஆலாக் கூட்டம் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்தே நிற்கும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எல்லாமே வடகிழக்கே மூஞ்சியை வைத்து நிற்கும். காற்றுக்குக் குறுக்கே ஒரு பக்கமாகப் போய் நின்றால் அத்தனை பறவையும் பக்கவாட்டில் தெரியும். அலகின் நீளம், நெற்றி, முதுகு, கால் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். பின்னால் நின்றால் வெறும் முதுகு வரிசைதான்.

சரி, பறவைக்கு வருவோம்.

பெரிய கொண்டை ஆலா அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 46 முதல் 49 சென்டிமீட்டர் இருக்கும், சில பறவைகள் இதைவிடக் கொஞ்சம் கூடவும் இருக்கும். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேலே, 1.3 மீட்டர் வரை. சிறிய கொண்டை ஆலா 35 முதல் 43 சென்டிமீட்டர். காகிதத்தில் பார்க்க நல்ல வித்தியாசம். மணலில் ஒற்றையாக நிற்கும் பறவையிடம் இந்த வித்தியாசம் துளியும் தெரியாது. இங்கேதான் கடற்காக்கை வேண்டும். பழுப்புத் தலைக் கடற்காக்கை 42 சென்டிமீட்டர் அளவு. அதன் பக்கத்தில் நிற்கும் பெரிய கொண்டை ஆலா நீளத்தில் அதற்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ இருக்கும், உடம்பு மட்டும் மெலிவு. சிறிய கொண்டை ஆலா அதே கடற்காக்கை பக்கத்தில் நின்றால் சந்தேகமில்லாமல் சின்னதாகத் தெரியும். இந்த ஒன்றைப் பிடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. கடற்காக்கை இல்லாத கோடைகாலத்தில் என்ன செய்வது? இரண்டு கொண்டை ஆலாக்களும் கலந்து நிற்கும் கூட்டமாகத் தேடுங்கள். அவை ஒன்றோடொன்று கலந்து இளைப்பாறும் பழக்கமுள்ளவை. அப்போது நோட்டமிட்டாலே உயரமானவை, குட்டையானவை என்று இரண்டு சாதியாகக் கூட்டம் பிரிந்து தெரியும்.

அடுத்து அலகு. பெரியதன் அலகு எலுமிச்சை மஞ்சள், சில சமயம் லேசாகப் பச்சை ஓடும். நீளமானது, அடியில் கனமானது, நுனியை நோக்கி மெல்லக் கீழே வளையும். சிறியதன் அலகு ஆரஞ்சு, ஒல்லி, நேர்கோடு. நிறத்தை மட்டும் வைத்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும், ஏனென்றால் சிறியதன் ஆரஞ்சு குளிர்காலத்தில் வெளுத்து மஞ்சள் பக்கம் போகும், பெரியதன் மஞ்சள் முட்டையிடும் பருவத்தில் அடர்த்தியாகும். நடுவில் இரண்டும் கிட்டத்தட்டச் சந்தித்துக்கொள்ளும். ஆனால் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறாது. அலகு தலையோடு சேரும் இடத்தில் எவ்வளவு தடிமன், கீழ் விளிம்பு வளைகிறதா நேராகப் போகிறதா என்று பாருங்கள். பெரியது மூஞ்சியைச் சுளித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும், சிறியதிடம் அந்தக் கடுகடுப்பு கிடையாது. இது அறிவியல் இல்லை, ஆனாலும் எனக்கு உதவுகிறது.

கேமராக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பறவையைக் கண்டால் கேமரா குழம்பிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் முதுகுச் சாம்பல் முழுக்க வெளுத்து, எல்லா ஆலாவும் வெளிர் முதுகுள்ள சாண்ட்விச் ஆலாவாகிவிடும். வீட்டுக்கு வந்து படத்தில் மஞ்சளைத் தூக்கி, ‘வார்ம்’ ஆக்கி அனுப்புகிறவர்கள் அலகு நிறத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது.

முதுகைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிஜமாகவே குஷி. நம் கரைக்கு வரக்கூடிய கொண்டை ஆலாக் குடும்பத்தில் மூன்று சாம்பல் உண்டு. பெரிய கொண்டை ஆலாவின் முதுகு இருண்ட சாம்பல். சிறிய கொண்டை ஆலா நடுத்தரச் சாம்பல். குளிர்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் சாண்ட்விச் ஆலா மிக வெளிர், வெயிலில் வெள்ளை என்றே சொல்லிவிடலாம். மூன்றையும் அருகருகே பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே ‘சாம்பல்’தான். மேகமூட்டமான நாளில் எல்லாம் ஒரு படி இருண்டும், உச்சி வெயிலில் எல்லாம் ஒரு படி வெளுத்தும் தெரியும். எத்தனை படி மாறினாலும் வரிசை மட்டும் மாறாது. பெரியது எப்போதும் இருண்டது, சிறியது நடுவில், சாண்ட்விச் கடைசி.

இதில் ஒரு கண்ணி உண்டு. இணையத்தில் பெரிய கொண்டை ஆலா என்று தேடினால் ஆஸ்திரேலியாவில் எடுத்த படங்கள் குவியும். அங்கே இருக்கும் துணையினம் நம்முடையதைவிட வெளிர் முதுகு கொண்டது. செங்கடலிலிருந்து இந்தியா, இலங்கை, மியான்மர் வரை இருப்பது ‘வெலாக்ஸ்’ என்ற துணையினம், இருப்பதிலேயே இருண்ட முதுகு அதற்குத்தான். ஆகவே சிட்னி கடற்கரைப் படத்தை வைத்துக்கொண்டு பழவேற்காட்டுப் பறவையை ஒப்பிட்டால், “என்னடா இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, இது வேறு இனமோ” என்று கிளம்பிவிடுவீர்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தையும் பறக்கும்போது கவனியுங்கள். பெரியது, சிறியது இரண்டுக்கும் அந்த இடம் சாம்பல், முதுகோடு கலந்துவிடும். சாண்ட்விச் ஆலாவுக்கு மட்டும் சுத்த வெள்ளை. சாண்ட்விச்சின் அலகு கறுப்பு, நுனியில் மட்டும் மஞ்சள். தூரத்தில் அந்த மஞ்சள் நுனி தெரியாது, அப்போது இந்த வெள்ளைதான் கைகொடுக்கும்.

இனி தலை. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது தலையின் கறுப்பைத்தான். கண்ணைப் பறிக்கும் அடையாளம், ஆனால் வருஷம் முழுக்க வேஷம் மாறிக்கொண்டே இருக்கும். கோடை நெருங்கும்போது தலை முழுக்கக் கறுத்து, பிடரியில் இறகுகள் கலைந்து கொண்டையாக நிற்கும். காற்று அடித்தால் அது தூக்கிக்கொள்வதைப் பார்க்கவே தனி அழகு. முட்டையிடும் பருவம் முடிந்ததும் முன்பக்கம் வெளுக்கத் தொடங்கி, குளிர்காலத்தில் கண்ணிலிருந்து பிடரிவரை மட்டும் கறுப்பு தங்கும். உச்சியில் உப்பும் மிளகும் தூவினாற்போல் புள்ளிகள் கிடக்கும்.

இதில் உருப்படியான அடையாளம் ஒன்றே ஒன்றுதான். பெரிய கொண்டை ஆலா முழுக் கறுப்புத் தொப்பியோடு இருக்கும்போதும் அலகுக்கும் தொப்பிக்கும் நடுவே நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். சிறியதற்கு அந்தப் பருவத்தில் கறுப்பு நேராக அலகைத் தொடும். எனவே கறுப்பு அலகைத் தொட்டால் அது பெரிய கொண்டை ஆலா இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். நெற்றி வெள்ளையாக இருந்தால் பெரியது என்று சொல்லிவிட முடியாது, சிறியதும் பருவம் முடிந்ததும் நெற்றி வெளுத்துத்தான் நிற்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, நம்மில் பெரும்பாலோர் பறவை பார்க்கப் போகும் மாதங்களில், தலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பெரியதன் பிடரிக் கறுப்பு ஓரம் கலைந்து, சிறியதன் கறுப்பு ஓரம் தெளிவாக இருக்கும் என்பார்கள். சரிதான், ஆனால் அளவையும் அலகையும் முதுகையும் பார்த்த பிறகு உறுதி செய்துகொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கால் கறுப்பா சிவப்பா என்று கட்டாயம் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இது. கொண்டை ஆலாவின் கால் கறுப்பு. ஆற்று ஆலாவுக்கும் மஞ்சள் அலகு உண்டு, சாம்பல் முதுகு உண்டு, அளவும் சிறிய கொண்டை ஆலாவை ஒட்டித்தான். ஆனால் கால் ஆரஞ்சுச் சிவப்பு, வால் ஆழமாகப் பிளந்திருக்கும். பெயருக்கு ஏற்ற மாதிரி அது ஆற்றிலும் அணைக்கட்டிலும் இருக்கும் பறவை, கடல் மணலில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தடா பக்கம் மஞ்சள் அலகைப் பார்த்தால் இரண்டு முறை யோசியுங்கள் என்று மேலே சொன்னது இதையும் நினைத்துத்தான்.

காஸ்பியன் ஆலாவோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. உலகத்திலேயே பெரிய ஆலா அதுதான், எடையில் பெரிய கொண்டை ஆலாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அலகு பவளச் சிவப்பு, கேரட்டைச் செருகி வைத்த தடிமன், நுனியருகே கறுப்பு. பறக்கும்போது சிறகின் அடியில் நுனிப்பக்கம் நன்றாகக் கறுத்துத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை. பருத்த அலகு ஆலாவுக்கு அலகு குட்டை, தடிப்பு, முழுக் கறுப்பு. தண்ணீரில் விழுவதைவிடச் சேற்றுக்கு மேல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் கொத்திக்கொண்டு போவது அதன் வழக்கம். குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும். மீசை ஆலாவும் சின்ன ஆலாவும் (இது சிறிய கொண்டை ஆலா இல்லை, வேறு இனம்) கொண்டை ஆலாவில் பாதி அளவுதான், அவற்றோடு குழப்பிக்கொள்வதற்கு வழியே இல்லை.

பறக்கும் விதம் பழகப் பழகத்தான் வரும். பெரிய கொண்டை ஆலா நிதானமான, கனத்த சிறகடிப்பு. நீண்ட ஒடுங்கிய சிறகை முழங்கையில் மடித்துக்கொண்டு, அலகைக் கீழ்நோக்கி வைத்து, அலைகளுக்கு மேல் ரோந்து போகும். மீனைக் கண்டதும் ஒரு கணம் தயங்கிச் சிறகை ஒடுக்கி விழும். சிறியது இதையே இன்னும் லேசாக, இன்னும் வேகமாகச் செய்யும். நுனி இறகுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆலாக்களின் சிறகு நுனியில் புது இறகுக்கு வெள்ளிப்பூச்சு மாதிரி ஒரு மேற்படலம் இருக்கும். வெயிலிலும் காற்றிலும் அது தேய்ந்து போனால் அடியில் இருக்கும் கறுப்பு வெளியே வரும். ஆகவே கறுத்த நுனி பழைய இறகு, வெளிர் நுனி புது இறகு. ஒரே பறவையின் ஒரே சிறகில் இரண்டும் இருக்கும். அதை வைத்து இனம் பிரிக்க முடியாது, இறகு உதிர்க்கும் காலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குஞ்சு வளர்ந்த இளம் பறவைகளை ஆரம்பத்தில் ஒதுக்கி வைத்துவிடச் சொல்வேன், ஆனால் அவை உங்களை விடாது. முதுகில் பழுப்பும் வெள்ளையுமாகச் செதில் கோலம், சிறகின் முன்விளிம்பில் இருண்ட பட்டை, அலகு மங்கிய பச்சை மஞ்சள், காலில்கூட மஞ்சள் இருக்கலாம். மேலே நான் எழுதிய அத்தனை விதியையும் மீறும். நல்லவேளையாக இவற்றுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கொண்டை ஆலாக் குஞ்சுகள் பறக்கத் தொடங்கிப் பல மாதங்கள் ஆன பிறகும் தாய் தகப்பனை ஒட்டியே திரியும். முதுகைக் கூனிக்கொண்டு, மெல்லிய சீழ்க்கைக் குரலில் இரை கேட்டு நச்சரிக்கும் பழுப்புப் பறவையைக் கண்டால் பொறுமையாகக் காத்திருங்கள். மீனோடு யார் வந்து இறங்குகிறார்களோ அவர்களை அடையாளம் கண்டால் போதும், பிள்ளையும் அந்த இனம்தான். வளர்ந்த பெரிய கொண்டை ஆலாவின் குரல் கரகரப்பானது, ‘கெர்ரிக்’ என்று கேட்கும். சிறிய கொண்டையின் குரல் அதே சாயலில் கொஞ்சம் கீச்சென்று இருக்கும், அலை இரைச்சலில் எனக்கு அந்த வித்தியாசம் எப்போதும் பிடிபடுவதில்லை.

இவை முட்டையிடுவதை நம் முகத்துவாரத்தில் தேடாதீர்கள். பெரிய கொண்டை ஆலா மனிதக் கால் படாத தீவுகளில் கூட்டமாக, ஜோடிக்கு ஒன்று, எப்போதாவது இரண்டு முட்டை என்று மணலிலேயே இடும். லட்சத்தீவில் பிட்டி என்ற ஆளில்லாத மணல் தீவு அப்படிப்பட்ட இடம். ஆனால் கோடையில் நம் மணல் திட்டுகளில் சின்ன ஆலா முட்டையிடும். மணல் நிறத்து முட்டை, கூடு என்று ஒன்றும் இருக்காது, காலுக்கடியில் நொறுங்கினால்கூடத் தெரியாது. ஏப்ரல், மே மாதங்களில் தலைக்கு மேல் சின்ன ஆலாக்கள் கத்திக்கொண்டு பாய்ந்தால், வந்த தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள். குளிர்காலக் கூட்டத்தையும் எழுப்பிவிடாதீர்கள். ஒரு பறவை கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்த்தால் அதற்குமேல் ஓரடி வைக்க வேண்டாம். பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டி எழுப்புகிறவர்களை நான் கூட்டிக்கொண்டு போவதே இல்லை.

இந்தச் சாம்பல், மஞ்சள் ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கடையில் வேலை செய்யும் பையன் கேட்பான். அவனுக்கு நான் சொல்வது சீனக் கொண்டை ஆலாவின் கதை. மஞ்சள் அலகு, நுனி மட்டும் கறுப்பு, முதுகு மிக வெளிர். பல ஆண்டுகள் யார் கண்ணிலும் சரியாகப் படாமல், அழிந்தே போய்விட்டது என்று பலரும் நினைத்திருந்தார்கள். 2000-இல் தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் பெரிய கொண்டை ஆலாக்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் காட்சிகளில் அது மாட்டியது. நான்கு ஜோடிகள், ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவே. நம் கடலுக்கு அது வராது. ஆனால் கூட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு ‘எல்லாம் பெரிய கொண்டைதான்’ என்று எழுதிவிட்டுப் போகிற ஆளுக்கு அது வந்து நின்றாலும் தெரிந்திருக்காது.

கருவி பற்றிக் கேட்பீர்கள். 8-க்கு 42 பைனாக்குலர் போதும். பத்து மடங்கு என்றால் கடல் காற்றில் கை ஆடும். டெலஸ்கோப் யாரிடமாவது இருந்தால் அவர்களோடு போய்க் கொஞ்சம் தள்ளியே நின்று பாருங்கள், சொந்தமாக வாங்க அவசரம் இல்லை. உப்புக் காற்று லென்ஸைத் தின்றுவிடும், வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து வையுங்கள். மொபைலில் பறவையை அடையாளம் சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. பக்கவாட்டுப் படம் கொடுத்தால் நன்றாகவே சொல்கின்றன. ஒற்றைப் பறவையின் அளவு என்ன என்று அவற்றுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

குறிப்பு எழுதும்போது பெயரை முதலில் எழுதாதீர்கள். எந்தப் பறவையின் பக்கத்தில் நின்றது, அதைவிடப் பெரிதா சிறிதா, அலகு நேரா வளைவா, முதுகு யாரைவிட இருண்டது, கறுப்பு அலகைத் தொட்டதா, கால் என்ன நிறம், சூரியன் எந்தப் பக்கம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் பெயருக்கு வாருங்கள். இவற்றில் இரண்டு மூன்று கிடைக்கவில்லை என்றால் ‘கொண்டை ஆலா, இனம் உறுதியில்லை’ என்று எழுதுங்கள். பறவைகளைப் பதிவிடும் இணையதளமான ஈபேர்டிலும் அப்படிப் பதிவதற்கு இடம் இருக்கிறது. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கோ பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கோ போகிறவர்கள் இதில் கூச்சப்படவே கூடாது. தப்பான பெயரோடு வரும் பெரிய எண்ணிக்கையைவிட, இனம் உறுதியில்லாத நாற்பது பறவை எவ்வளவோ மேல்.

காலில் வளையம் தெரிந்தால் எந்தக் கால், உலோகமா பிளாஸ்டிக்கா, என்ன நிறம், எழுத்தோ எண்ணோ படிக்க முடிந்ததா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கரை ஒதுங்கிய செத்த பறவையில் வளையம் இருந்தால் எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, நாள், இடத்தோடு மும்பையில் இருக்கும் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் போட்ட வளையமாக இருந்தாலும் அங்கேயே சொல்லலாம். செத்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அலகு, கால், வால் தொடங்கும் இடம் மூன்றையும் அப்படியே படம் எடுத்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து.